ஏரிக்கரைக் கல்லூரியா, நகரத்து நடுவில் இருப்பதா? பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும்

தாழ்வாரம் | திங்கள், இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் போய்விடுவேன். இதுதான் என் முதல் பதிவு.

பட்டப்படிப்புக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. பாடம் புள்ளியியல், மூன்று ஆண்டு. கட்டணம், பாடத்திட்டம், உதவித்தொகை மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், அவற்றை விட்டுவிடலாம். குழப்பமெல்லாம் இடத்தில்.

முதல் கல்லூரி நகரத்துக்கு வெளியே 40 கிலோமீட்டர். பெரிய வளாகம், உள்ளேயே ஏரி, விளையாட்டுத் திடல், இரவு 12 மணி வரை திறந்திருக்கும் நூலகம். மாணவர்கள் எல்லோரும் விடுதியில்தான் தங்க வேண்டும். வாசலைத் தாண்டினால் நெடுஞ்சாலை, அவ்வளவுதான். கையேட்டில் "நகரத்திலிருந்து 40 நிமிடம்" என்று போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. வளாகம் என்று சொல்ல எதுவும் இல்லை. நான்கு தெருக்களில் நான்கு கட்டடங்கள். மெட்ரோ நிலையம், நாடக அரங்கு, அருங்காட்சியகம், அலுவலகங்கள் எல்லாம் நடக்கிற தூரம். விடுதி முதல் ஆண்டுக்கு மட்டும்தான், அப்புறம் வெளியே அறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பா ஏரிக்கரை என்கிறார். தோழர்கள் "காட்டுக்குள் போய் என்ன செய்யப்போகிறாய்?" என்கிறார்கள். அறிமுக நாளன்று இரண்டுக்கும் போய்ப் பார்த்தேன். இரண்டுமே பிடித்துவிட்டது. அதுதான் தொல்லை.

வெட்டுக்கிளி | திங்கள், இரவு 9:14

ஏரி இருக்கிறதா? அங்கேயே போ தம்பி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

ஆறாம் மாடி | திங்கள், இரவு 10:32

தம்பி, நான் அப்படியொரு வளாகத்தில் நான்கு ஆண்டு இருந்தவன். அந்த "40 நிமிடம்" பற்றி மட்டும் முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் கையேட்டிலும் அதே மாதிரி ஒரு வரி இருந்தது.

அது யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காரில் போன கணக்கு. மாணவன் கணக்கு வேறு. விடுதியிலிருந்து வாசலுக்கு நடக்க 15 நிமிடம் (வளாகம் பெரிது என்று பெருமைப்படுகிறோமே, அந்தப் பெருமையை நடந்துதான் கடக்க வேண்டும்). பேருந்து மணிக்கு ஒன்று, நேரம் தெரியாமல் போய் நின்றால் சராசரியாக அரை மணி காத்திருப்பு. பயணம் 55 நிமிடம். இறங்கிய இடத்திலிருந்து போக வேண்டிய இடத்துக்கு இன்னொரு 20 நிமிடம். மொத்தம் இரண்டு மணி. திரும்பி வர இன்னொரு இரண்டு. ஒரு நாடகம் பார்க்க நான்கு மணி நேரப் பயணம் என்றால் எத்தனை நாடகம் பார்ப்பாய்? அதுவும் கடைசிப் பேருந்து நாடகம் முடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடும். முதல் ஆண்டில் வாரம் தவறாமல் நகரத்துக்குப் போனேன். மூன்றாம் ஆண்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் பல் வலி வந்தால்.

ஆனால் இதை வைத்து "போகாதே" என்று சொல்ல வரவில்லை. எனக்கு அங்கே கிடைத்தது வேறு. என் நெருங்கிய நண்பர்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் ஒரே மாடிக்காரர்கள். நானாகத் தேடிப் பிடித்த நட்பு ஒன்றுகூட இல்லை. இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகும்போது யார் நின்றுகொண்டிருந்தார்களோ அவர்கள்தான் நண்பர்கள். இப்படி நடக்கும் என்று எப்போதோ அளந்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாணவர் குடும்பங்கள் தங்கியிருந்த வெஸ்ட்கேட் குடியிருப்பை ஆராய்ந்து ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1950-இல் வெளியிட்டார்கள். ஒரே மாடியில் அடுத்த வீட்டுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொன்னது 41 சதவீதம், இரண்டு வீடு தள்ளி இருந்தவரை 22, தாழ்வாரத்தின் மறுமுனையில் இருந்தவரை 10. தாழ்வாரம் என்று பெயர் வைத்திருக்கிறாயே, உனக்குப் பொருத்தமான ஆய்வு.

நடைமேடை 4 | திங்கள், இரவு 11:05

நான் இரண்டாவது வகை. நகரத்து நடுவில் படித்தேன். எங்கள் கல்லூரிக்குச் சுவர் இல்லை, வாசல் இல்லை, மரம்கூட மாநகராட்சி மரம்தான்.

மாலை 4 மணிக்குக் கடைசி வகுப்பு முடியும். 4:10-க்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள். எல்லோரும் ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். முதல் ஆண்டில் நான் பட்ட தனிமையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சுற்றிலும் லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடும்.

இரண்டாம் ஆண்டில் மாறியது. ஒரு ஆவணக் காப்பகத்தில் வாரத்துக்கு இரண்டு மாலை பகுதிநேர வேலை கிடைத்தது. அங்கே என் வயதுக்காரர் ஒருவரும் இல்லை. ஐம்பது வயதுக்காரர்களோடு உட்கார்ந்து பழைய காகிதம் பிரித்தேன். அவர்களில் ஒருவருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வழியாகத்தான் என் முதல் முழுநேர வேலை வந்தது. கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரையைப் பிற்பாடு படித்தபோது சிரிப்பு வந்தது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் "அவரை எத்தனை தடவை பார்ப்பீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னது ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற ஆள் மூலமாகத்தான் வேலை வந்திருக்கிறது. ஆறாம் மாடி சொல்லும் ஐந்து நண்பர்களுக்கும் ஒரே ஆட்களைத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு உலகம்.

ஆறாம் மாடி | திங்கள், இரவு 11:20

அது நியாயம்தான். வேலை தேடும்போது எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே பட்டியல்தான் இருந்தது.

தாழ்வாரம் | செவ்வாய், காலை 7:40

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு இருவருக்கும் நன்றி. ஒரு சின்னத் திருத்தம்: தம்பி இல்லை, தங்கை :)

வெட்டுக்கிளி | செவ்வாய், காலை 7:52

மன்னிக்கணும் தங்கச்சி. ஏரி பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

பழஞ்சுவடி | செவ்வாய், காலை 10:15

ஓய்வு பெற்ற ஆசிரியன். கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி என்றால் வளாகம் என்று நினைப்பது பிற்காலப் பழக்கம். ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தக் கட்டடமே கிடையாது. இத்தாலியின் பொலோஞாவிலும் பாரிஸிலும் ஊருக்குள் அறை வாடகைக்கு எடுத்துப் பாடம் நடத்தினார்கள். ஊரோடு சண்டை வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள், ஏனென்றால் விட்டுப்போக எதுவும் இல்லை. 1209-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தகராறு வந்து ஒரு கூட்டம் கிளம்பிப் போனதுதான் கேம்பிரிட்ஜ். 1355-இல் அதே ஆக்ஸ்ஃபோர்டில், மதுக்கடையில் கொடுத்த திராட்சை மது நன்றாக இல்லை என்று தொடங்கிய வாய்ச்சண்டை, ஊராருக்கும் மாணவர்களுக்கும் இடையே பல நாள் கலவரமாகிப் பல பத்துப் பேர் செத்தார்கள். நகரத்துக்குள் படிப்பது அப்போதும் சும்மா இல்லை.

கல்லூரி நிலத்தைக் குறிக்க "கேம்பஸ்" என்ற சொல் முதலில் எழுத்தில் வருவது 1774-இல், அமெரிக்காவில் இன்று பிரின்ஸ்டன் என்று அழைக்கப்படும் கல்லூரியில். லத்தீனில் அதற்கு வயல்வெளி என்று பொருள். பிறகு அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜெஃபர்சன் வர்ஜீனியாவில் 1819-இல் நிறுவிய பல்கலைக்கழகத்தைக் "கல்விக் கிராமம்" என்றே சொன்னார். புல்வெளி நடுவில், ஆசிரியர் வீடுகளும் மாணவர் அறைகளும் இரண்டு பக்கமும். நகரத்திலிருந்து பிள்ளைகளைத் தள்ளி வைத்தால் நன்றாகப் படிப்பார்கள் என்ற நம்பிக்கை அங்கிருந்து ஊறி வந்தது.

அந்த நம்பிக்கை எப்போதும் பலிக்கவில்லை. பாரிஸின் நெருக்கடியைக் குறைக்க 1964-இல் புறநகரான நான்தேரில் புது வளாகம் திறந்தார்கள். சுற்றிலும் குடிசைப் பகுதி, கட்டுமானச் சேறு. விடுதியில் ஆணும் பெண்ணும் ஒருவர் அறைக்கு ஒருவர் போகக் கூடாது என்ற விதியை எதிர்த்துக் கிளம்பிய கசப்பும் சேர்ந்துதான், 1968 மார்ச் 22 அன்று அங்கே நிர்வாகக் கட்டடத்தை மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மே மாதத்தில் அந்தப் போராட்டம் பாரிஸ் தெருக்களுக்கு வந்தது. பெல்ஜியத்தில் வேறு கதை. லூவேன் பல்கலைக்கழகம் மொழிச் சண்டையில் இரண்டாகப் பிரிய, பிரெஞ்சுப் பிரிவு வெட்டவெளியில் ஒரு முழு ஊரையே கட்டியது. பெயர் லூவேன்-லா-நுவ். 1972-இல் முதல் மாணவர்கள் வந்தார்கள். ஊர் நடுவில் கார் கிடையாது, ரயில் நிலையம் தரைக்குக் கீழே. நன்றாகத்தான் கட்டினார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஆனால் மாணவர்கள் பெட்டியோடு ரயில் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

கூட்டல் கழித்தல் | செவ்வாய், காலை 11:02

ஐயா, கதை அருமை. கடைசி வரி மட்டும் அந்தப் பெண்ணுக்கு நேரடியாக உதவும் என்று நினைக்கிறேன். வாரக் கடைசியில் காலியாகிவிடும் கல்லூரிகளைப் "பெட்டிக் கல்லூரி" என்று கிண்டலாகச் சொல்வதுண்டு. எல்லோரும் விடுதியில் இருக்கிறார்கள் என்பது திங்கள் முதல் வெள்ளி வரை உண்மையாக இருக்கலாம். சனிக்கிழமை யார் மிச்சம் என்று பார்க்க வேண்டும். ஏரியும் நீயும் மட்டும் மிச்சம் என்றால் கஷ்டம்.

விடுதியில் தங்குபவர்கள் படிப்பை நடுவில் விடுவது குறைவு என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஆஸ்டின் போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள் (1984-இல் வந்த அவருடைய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது). வளாகத்துக்குள்ளேயே பகுதிநேர வேலை பார்ப்பதும் நல்லது, வெளியே முழுநேர வேலை பார்ப்பதுதான் படிப்பைக் கெடுக்கும் என்பதும் அதில் உண்டு. ஆனால் நீ படிக்கப்போவதே புள்ளியியல், அதனால் கேட்கிறேன்: விடுதியில் தங்க வசதியும் விருப்பமும் உள்ளவர்கள், வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள், இரண்டு கூட்டமும் முதலிலேயே ஒன்றுபோல் இருந்தவையா? பாதி விளைவு விடுதியால், பாதி ஆட்களால். எது எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை. இது உனக்கு முதல் வீட்டுப்பாடம்.

நொச்சி | செவ்வாய், பகல் 1:30

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வளாகம் சின்ன ஊர் மாதிரி. சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

இரண்டாம் ஆண்டில் என் நெருங்கிய தோழியோடு பெரிய மனத்தாங்கல். நகரத்தில் என்றால் இரண்டு மாதம் முகம் பார்க்காமல் இருந்துவிடலாம். எனக்கோ காலையில் பல் துலக்கும் இடத்திலேயே அவள் நிற்பாள். உணவுக்கூடத்தில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதே அன்றைய செய்தி. ஒதுங்கிப் போய் உட்கார ஓர் இடம் இல்லை, ஏரிக்கரை உட்பட. ஏரிக்கரையில்தான் ஜோடிகள் இருப்பார்கள்.

இன்னொன்று உடம்பு. எனக்கு ஆஸ்துமா. எங்கள் வளாகத்தில் இருந்த "மருத்துவ மையம்" இரவு 8 மணிக்குப் பூட்டிவிடும் ஓர் அறை. ஓர் இரவு மூச்சுத்திணறல் வந்தபோது வண்டி ஏற்பாடு செய்யவே முக்கால் மணி ஆனது. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த முக்கால் மணியை மறக்க மாட்டேன். மாதாமாதம் மருத்துவரைப் பார்க்க வேண்டிய உடம்பு என்றால், மனநல ஆலோசனைக்கும் சேர்த்தே சொல்கிறேன், இந்த ஒரு கேள்வியே முடிவைத் தீர்மானித்துவிடும்.

வாசல் விளக்கு | செவ்வாய், மாலை 6:20

நான் ஒரு கல்லூரிப் பெண்ணின் அம்மா. பெரியவள் இறுதியாண்டு படிக்கிறாள். உங்கள் அப்பா ஏரிக்கரை என்று சொல்வதன் காரணம் எனக்குப் புரிகிறது. சுவர் இருக்கிறது, காவலாளி இருக்கிறார், பெண் பத்திரம் என்று நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மகள் சொன்னது வேறு. நகரத்தில் இரவு 9 மணிக்கு நடந்தால் தெருவில் நூறு பேர் இருப்பார்கள். வளாகத்து வாசலில் 9 மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கினால் லாரிகள் மட்டும்தான். சுவருக்கு உள்ளே பாதுகாப்பு, சரி. சுவர்வரைக்கும் வந்து சேர வேண்டுமே. நகரம் பத்திரமானது என்று சொல்ல வரவில்லை அம்மா, அறை எந்தத் தெருவில் என்பதைப் பொறுத்தது. "வளாகம் என்றால் பத்திரம்" என்று கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள். பெண்கள் விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள்? ஆண்கள் விடுதிக்கும் அதே நேரமா? நூலகம் 12 மணி வரை என்று சொல்வார்கள். விடுதி 9 மணிக்குப் பூட்டினால் அந்தப் 12 மணி யாருக்கு?

நடைமேடை 4 | செவ்வாய், மாலை 6:41

அம்மா, கடைசி வரிக்கு எழுந்து நின்று கைதட்டுகிறேன்.

கோணமானி | செவ்வாய், இரவு 8:50

எல்லோரும் ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள், பாடத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். நான் படித்தது கட்டடக்கலை. எனக்கு நகரமே பாடப்புத்தகம், அது இல்லாத இடத்தில் படித்திருந்தால் படம் பார்த்து நீச்சல் கற்ற கதை. சட்டம் படிப்பவருக்கு நீதிமன்றம் வேண்டும், இதழியலுக்குச் செய்தி நடக்கும் இடம் வேண்டும், மருத்துவத்துக்கு நோயாளிகள் வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் இத்தாக்கா என்ற சிற்றூரில் இருக்கிறது. ஆனால் 1898-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது அதை நியூயார்க் நகரத்தில்தான் வைத்தார்கள், இன்றும் அங்கேதான். வேளாண்மை, வானியல், வனவியல் எல்லாம் தலைகீழ். அவற்றுக்கு நகரம் இடைஞ்சல்.

புள்ளியியல்? உண்மையைச் சொன்னால் மடிக்கணினி போதும். ஆனால் பயிற்சி வேலை என்று ஒன்று இருக்கிறது. விடுமுறையில் செய்தால் எந்தக் கல்லூரியிலிருந்தும் செய்யலாம். செமஸ்டர் நடுவில் செய்ய வேண்டுமென்றால் நகரத்தில் இருந்தே ஆக வேண்டும். படிப்பும் வேலையும் மாறி மாறி என்ற முறையை 1906-இல் முதலில் தொடங்கியது அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகம். சுற்றிலும் தொழிற்சாலைகள் இருந்த நகரம் என்பதால் அங்கே முடிந்தது. எனவே நகரத்துக் கல்லூரியிடம் ஒன்று கேள்: வாரத்தில் ஒரு முழு நாளாவது வகுப்பில்லாமல் கால அட்டவணை இருக்கிறதா? தினமும் 10 முதல் 4 வரை வகுப்பு என்றால், அலுவலகம் எதிர்த் தெருவில் இருந்தாலும் உனக்கு அது 40 கிலோமீட்டர்தான்.

வளாகமும் வேண்டும் நகரமும் வேண்டும் என்பவர்களுக்கு நகரத்துக்குள்ளேயே வளாகம் உள்ள கல்லூரிகளும் உண்டு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1897-இல் அந்நகரின் மான்ஹாட்டன் தீவின் மேல் பகுதிக்கு மாறி அப்படித்தான் கட்டிக்கொண்டது. உனக்கு அந்த வாய்ப்பு இல்லை, விடு.

ஆறாம் மாடி | செவ்வாய், இரவு 9:35

நகரத்துக் கட்சியிடம் எனக்கு ஒரு கேள்வி. நகரத்தில் இருப்பதும் நகரத்தைப் பயன்படுத்துவதும் ஒன்றா? என் தம்பி நகரத்தில் படித்தான். அருங்காட்சியகத்துக்குப் பின்னால் மூன்று ஆண்டு குடியிருந்தான். உள்ளே போனது ஒரே ஒரு தடவை, அதுவும் மழைக்கு ஒதுங்க.

நடைமேடை 4 | செவ்வாய், இரவு 10:02

அது தம்பியின் குறை, நகரத்தின் குறை இல்லை :) ஆனால் கேள்வி சரியானதுதான். இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அரை மணி நேரம். மார்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-இல் எழுதினார்: எந்தக் காலத்திலும், நடந்து போனாலும் காரில் போனாலும், மனிதர்கள் பயணத்துக்காக ஒரு நாளில் சுமார் ஒரு மணி நேரம்தான் செலவிடுகிறார்கள். போக அரை மணி, வர அரை மணி. வாகனம் வேகமானால் இன்னும் தூரம் போகிறார்கள், நேரம் மாறுவதில்லை. என் அனுபவத்தில் அது அப்படியே ஒத்துப்போகிறது. அறையிலிருந்து அரை மணிக்குள் இருந்தவை பழக்கமாகின. அதற்கு மேல் இருந்தவை திருவிழா மாதிரி, ஆண்டுக்கு ஒரு தடவை.

தங்கை, வரைபடத்தை மூடி வை. இரண்டு கல்லூரியிலும் நீ தூங்கப்போகும் கட்டிலிலிருந்து அரை மணிக்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுது. கல்லூரியிலிருந்து அல்ல, கட்டிலிலிருந்து.

கூட்டல் கழித்தல் | செவ்வாய், இரவு 10:20

இதோடு ஒன்று. அறிமுக நாளில் பார்த்ததை மறந்துவிடு, அன்று ஏரிகூடக் குளித்துத் தலைசீவி நிற்கும். சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலை ஒன்றுக்கும், சனிக்கிழமை மாலை இன்னொன்றுக்கும் சொல்லாமல் போ. முடிந்தால் மாற்றி இன்னொரு தடவை. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் தாள்களின் தேதியைப் பார், போன ஆண்டுத் தாள் தொங்கினால் புரிந்துகொள். மாணவர்களிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள். "போன சனிக்கிழமை என்ன செய்தீர்கள்?" என்று கேள்.

தாழ்வாரம் | ஞாயிறு, இரவு 8:15

மன்னிக்கவும், ஐந்து நாள் ஆளைக் காணோம். நீங்கள் சொன்னபடி சுற்றிவிட்டு வந்தேன். புதன்கிழமையும் நேற்றும். அப்பாவும் கூட வந்தார், கைக்கடிகாரத்தோடு.

ஏரிக்கரை: விடுதி வாசலிலிருந்து நகரத்து நாடக அரங்கு வரை 1 மணி 50 நிமிடம். ஆறாம் மாடி அண்ணா கணக்குக்குப் பத்து நிமிடம் குறைவு. நகரத்திலிருந்து கடைசிப் பேருந்து 8:15. விடுதி இரவு 11-க்குப் பூட்டுகிறார்கள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே நேரம், நூலகத்தில் இருந்தால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு 12-க்கு வரலாம். நேற்று சனிக்கிழமை மாலை போனபோது பாதிப் பேருக்கு மேல் உள்ளேயே இருந்தார்கள். ஒரு வகுப்பறையில் நாடக ஒத்திகை. "போன சனிக்கிழமை?" என்று கேட்டதற்கு ஒரு பெண் "தொலைநோக்கி தூக்கிக்கொண்டு திடலுக்குப் போனோம், மேகம் வந்துவிட்டது, சீட்டு விளையாடினோம்" என்றாள். மருத்துவ மையத்தில் இரவிலும் செவிலியர் இருக்கிறார், வண்டியும் நிற்கிறது. எனக்குத் தொடர்ந்து மருத்துவரைப் பார்க்கும் தேவை எதுவும் இல்லை.

நகரம்: இங்கேதான் எதிர்பாராதது. முதல் ஆண்டு விடுதி கல்லூரிக்குப் பக்கத்தில் இல்லை! அறிமுக நாளில் விடுதியைக் காட்டவே இல்லை, நானும் கேட்கவில்லை. நகரத்தின் ஓரத்தில், மெட்ரோவும் அப்புறம் பேருந்துமாக 50 நிமிடம். பெண்கள் விடுதி 9 மணிக்குப் பூட்டுகிறார்கள். அப்படியென்றால் நான் நகரத்திலிருந்து 8 மணிக்கே கிளம்ப வேண்டும். அங்கே 8 மணி, ஏரிக்கரைக்குக் கடைசிப் பேருந்து 8:15. அப்பா சிரித்துவிட்டார்.

கட்டிலிலிருந்து அரை மணிக்குள் என்று இரண்டு பட்டியல் போட்டேன். ஏரிக்கரைப் பட்டியலில் நூலகம், திடல், ஒத்திகை அறை, நானூறு பேர். நகரத்து விடுதிப் பட்டியலில் ஒரு பேருந்து நிறுத்தமும் ஒரு பூங்காவும்.

நடைமேடை 4 | ஞாயிறு, இரவு 8:48

ஒரு நிமிடம். இது முதல் ஆண்டுக் கணக்கு மட்டும்தானே? இரண்டாம் ஆண்டிலிருந்து நீ அறை எடுத்துக்கொள்வாய், பூட்டும் கதவு கிடையாது, நடக்கிற தூரத்தில் நகரம். ஏரிக்கரையில் மூன்றாம் ஆண்டிலும் அதே 8:15 பேருந்துதான். ஓர் ஆண்டுச் சிரமத்துக்காக இரண்டு ஆண்டை விடுகிறாயா? நீ தப்புக் கணக்குப் போடுகிறாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தாழ்வாரம் | ஞாயிறு, இரவு 9:20

அதையும் யோசித்தேன் அக்கா. கல்லூரிக்கு நடக்கிற தூரத்தில் அறை வாடகை எவ்வளவு என்று விசாரித்தோம். நான்கு பேர் சேர்ந்து எடுத்தாலும் வீட்டிலிருந்து வரும் பணத்தில் முடியாது. வாரத்துக்கு நான்கு மாலை வேலை பார்த்தால்தான் முடியும். வேலை பார்க்கக் கூச்சமில்லை. ஆனால் நகரத்தில் குடியிருப்பதற்கே மாலைகளை விற்றுவிட்டால், நகரத்தை எப்போது பார்ப்பது? மலிவான அறை என்றால் மறுபடி 50 நிமிடம். வாரத்தில் காலி நாள் உண்டா என்றும் கேட்டேன், மூன்றாம் ஆண்டில்தான் கிடைக்குமாம்.

வாடகை ஒரு தடையாக இல்லாதிருந்தால் நீங்கள் சொல்வதைத்தான் செய்திருப்பேன்.

நடைமேடை 4 | ஞாயிறு, இரவு 9:31

சரி. அந்த மாலைகளை விற்றவள் நான்தான், அதனால் வாதாட மாட்டேன். எனக்கு வேலை செய்த இடமே நன்றாக அமைந்துவிட்டது. எல்லோருக்கும் காப்பகம் கிடைக்காது. பெரிய விடுமுறைகளில் மட்டும் நகரத்துக்கு வந்து பயிற்சி வேலை செய். மூன்று விடுமுறை, மூன்று வேறு வேறு அலுவலகம். அந்த ஐந்து நண்பர்களோடு மட்டும் அடைந்து கிடக்காதே.

ஆறாம் மாடி | ஞாயிறு, இரவு 9:40

என் நண்பர்களை ஏனம்மா வம்புக்கு இழுக்கிறீர்கள்.

தாழ்வாரம் | திங்கள், மாலை 5:05

ஏரிக்கரைக்குச் சம்மதம் அனுப்பிவிட்டேன். இப்போது அடுத்த கேள்வி: விடுதியிலிருந்து வகுப்பறைக்கு நடக்க 18 நிமிடம், அப்பா கடிகாரப்படி. எப்படிப்பட்ட சைக்கிள் வாங்கலாம்? கியர் வேண்டுமா?

ஆறாம் மாடி | திங்கள், மாலை 5:30

கியர் வேண்டாம். பழைய சைக்கிளாகப் பார், பளபளவென்று இருந்தால் முதல் வாரமே யாராவது "கொஞ்ச நேரத்துக்கு" எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். முன்விளக்கு அவசியம். பூட்டுக்கு மட்டும் தாராளமாகச் செலவு செய்.

வெட்டுக்கிளி | திங்கள், மாலை 5:33

முதல் பதிலிலேயே சொன்னேன்.